கையெழுத்துப் போட்டே பறிக்கலாம்

கடற்கரைச் சாலையில் காலை நடை முடிந்ததும் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நாங்கள் நாலைந்து பேர் உட்காருவது வழக்கம். எல்லோரும் பென்ஷன்காரர்கள். சர்க்கரை, முழங்கால் வலி, பேரன் படிப்பு என்று ஆரம்பிக்கும் பேச்சு எப்படியோ உலக அரசியலில் போய் நிற்கும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் அங்கே எனக்கு ஒரு வேலை உண்டு. பிரெஞ்சுப் பத்திரிகைகளில் வந்ததை நான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதை மறுக்க வேண்டும்.

ஒரு நாள் துனிசியாவைப் பற்றிச் சொன்னேன். சோனியா தஹ்மானி என்ற பெண் வழக்கறிஞர் தொலைக்காட்சியில் கிண்டலாக ஒரு வார்த்தை சொன்னதற்காகச் சிறைக்குப் போன கதை. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஏழைகள் துனிசியாவிலேயே குடியேறப் பார்க்கிறார்கள் என்று ஒருவர் பேச, 'அப்படி என்ன அதிசய நாடு இது' என்ற பொருளில் இந்த அம்மாள் கேட்டுவிட்டார். அவ்வளவுதான். 2024 மே மாதம் முகமூடி போட்ட போலீஸ்காரர்கள் வழக்கறிஞர் சங்கக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து பிடித்துக்கொண்டு போனார்கள். 2015-இல் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்ட நான்கு அமைப்புகளில் அந்த வழக்கறிஞர் சங்கமும் ஒன்று.

கேட்டுக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் சொன்னார்: "என்னா முசியே, ஊரு ஒழுங்கா இருக்கணும்னா நாலு பேரை உள்ள வைக்கத்தான் வேணும். ஜனங்க ஓட்டுப் போட்டுத்தானே அந்த ஆளைக் கொண்டாந்தாங்க?"

அன்று இரவே பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கும் என் தங்கை மகன் போன் செய்தான். அவனிடமும் இதைச் சொன்னேன். "மாமா, அந்த நாட்டுக்கெல்லாம் ஜனநாயகம் சரிப்பட்டு வராது. அவங்களுக்குப் பிரம்பு வேணும்" என்றான்.

இரண்டு பேருக்கும் அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் தோன்றும் வயது இது. அதனால் எழுதுகிறேன்.

நான் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவன். எந்தச் செய்தியைப் படித்தாலும் எந்த விதியின் கீழ் செய்தார்கள், யார் கையெழுத்து, நகல் யாருக்குப் போயிற்று என்றுதான் கண் தேடும். துனிசியாவின் கதை அப்படிப் படிப்பதற்கென்றே அமைந்த கதை. அங்கே சுதந்திரம் போனது பெரும்பாலும் தாளில்தான்.

முதல் தாள் 1987-இல் வந்தது. நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்த பூர்கிபா தன்னை ஆயுள்காலத் தலைவராக அறிவித்துக்கொண்டு கிழவராகியும் நாற்காலியை விடாமல் இருந்தார். நவம்பர் 7 விடியற்காலை பிரதமர் பென் அலி அவரை இறக்கினார். எதைக் கொண்டு? மருத்துவச் சான்றிதழைக் கொண்டு! ஏழு டாக்டர்கள் கையெழுத்திட்ட தாள். தலைவருக்கு உடல்நிலை சரியில்லை, பதவியைத் தொடர இயலாது. லீவுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆட்சியைப் பிடிக்க வைத்தவர் அவர். ஆயுள்காலப் பதவியை ஒழிப்பேன், கட்சிகளை அனுமதிப்பேன் என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். பிறகு 23 வருஷம் அவரே. தேர்தலில் நூற்றுக்கு 99 சதவீதம் ஓட்டு வாங்கிய மகான்.

2010 டிசம்பரில் சிதி பூசித் என்ற சிற்றூரில் முகமது புவாஸிஸி என்ற இளைஞர் தீக்குளித்தார். தள்ளுவண்டியில் பழம் விற்றவர். பொருள்களைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். முறையிடப் போன அலுவலகத்தில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. அரசு அலுவலக ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்தவன் நான். அந்த வரியைப் படிக்கும்போது எனக்குக் கூசியது. ஒரு மாதத்துக்குள் பென் அலி விமானம் ஏறி ஓடினார். 2014-இல் புதிய அரசியல் சாசனம் வந்தது. அரபு நாடுகளுக்கெல்லாம் வழிகாட்டி என்று உலகமே மெச்சியது.

அப்புறம்தான் கயிஸ் சயீத் வருகிறார். ராணுவத்தார் இல்லை, ரவுடியும் இல்லை. அரசியல் சாசனச் சட்டம் கற்பித்த பேராசிரியர்! இலக்கண சுத்தமான அரபியில் பேசுபவர், ஊழல் பெயர் இல்லாதவர். 2019-இல் நூற்றுக்கு 72-க்கு மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தார். நண்பர் சொன்னது உண்மைதான்.

2021 ஜூலை 25. கொரோனாவில் ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். பாராளுமன்றத்தில் கைகலப்பு வரை போயிற்று. எல்லோருக்கும் வெறுத்துப்போன அந்த நேரத்தில் சயீத் 80-ஆம் பிரிவின் கீழ் பிரதமரை நீக்கி, பாராளுமன்றத்தை 30 நாள் நிறுத்தி வைத்தார். மறுபடி தெருவில் கை தட்டல்.

அந்த 80-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஆபத்து வந்தால் தலைவர் அவசர நடவடிக்கை எடுக்கலாம்; ஆனால் அந்தக் காலம் முழுவதும் பாராளுமன்றம் கூடியே இருப்பதாகக் கருதப்பட வேண்டும். எந்த விதியைக் காட்டிப் பாராளுமன்றத்தைப் பூட்டினாரோ அதே விதி அதைப் பூட்டாதே என்கிறது. 30 நாள் கழித்து நிலைமை நீடிக்கிறதா என்று அரசியல் சாசன நீதிமன்றத்திடம் கேட்கலாம் என்றும் இருக்கிறது. ஆனால் அந்த நீதிமன்றம் அமைக்கப்படவே இல்லை! கட்சிகள் நீதிபதிகளின் பெயரில் ஒத்துப்போகாமல் ஏழு வருஷம் இழுத்தடித்தார்கள். விதி இருக்கிறது, கோப்பு போய்ச் சேர வேண்டிய மேஜை காலி. இது சயீதின் குற்றம் மட்டும் இல்லை. அந்த மேஜையைக் காலியாக விட்டவர்களில் பலர் பின்னால் சிறைக்குப் போனார்கள்.

பிறகு தாள்கள் வேகமாக வந்தன. செப்டம்பர் 2021-இல் ஆணை 117: இனி ஆணைகள் மூலமே ஆட்சி. பிப்ரவரி 2022-இல் நீதித்துறை உயர் மன்றம் கலைப்பு. ஜூன் 1-ஆம் தேதி 57 நீதிபதிகள் ஒரே வீச்சில் வேலைநீக்கம். அவர்களில் பெரும்பாலோரைத் திரும்ப எடு என்று நிர்வாக நீதிமன்றம் சொன்னது, எடுக்கவில்லை. ஜூலையில் புதிய சாசனம். அதை எழுதித் தந்த குழுவின் தலைவரே, நான் கொடுத்தது இது இல்லை என்றார். செப்டம்பரில் ஆணை 54: பொய்ச் செய்தி பரப்பினால் ஐந்து வருஷம், அரசு ஊழியரைப் பற்றியதாக இருந்தால் பத்து. எது பொய் என்று முடிவு செய்வது யார்? தலைவர் நீக்கிவிடக்கூடிய நீதிபதி. தஹ்மானியை உள்ளே தள்ளியது இந்தத் தாள்தான். முதலில் ஒரு வருஷம் தண்டனை; அப்பீலில் எட்டு மாதமாகக் குறைந்தது. அதற்குள் வேறு வழக்குகள் சேர்ந்துவிட்டன. ஒன்றரை வருஷம் கழித்து 2025 நவம்பரில்தான் நிபந்தனையின்பேரில் வெளியே வந்தார்.

ஒவ்வொரு தாளையும் தனியாக எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லலாம். பாராளுமன்றம் சந்தைக்கடையாக இருந்தது உண்மை. நீதிபதிகளில் ஊழல்காரர்கள் இருந்திருப்பார்கள். பொய்ச் செய்தி யாருக்கும் பிடிக்காது. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் நூல் கோத்துக் கட்டினால்தான் விஷயம் தெரியும். வெளியில் இருக்கும் நாம் கட்டிப் பார்ப்பதில்லை. வந்த தாளை மட்டும் பார்த்து, 'இதில் என்ன தப்பு' என்கிறோம்.

இப்போது நண்பருக்கு. ஓட்டுப் போட்டார்கள், சரி. வீட்டுக்குக் காவல் இருக்கச் சொன்னால் பத்திரத்தைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்வதா? அந்த ஜனங்களே பதில் சொல்லிவிட்டார்கள். சாசன வாக்கெடுப்புக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 30 பேர்தான். 2022 டிசம்பர் பாராளுமன்றத் தேர்தலுக்கு 11 பேர். 2024-இல் சயீத் 90 சதவீதத்துக்கு மேல் வாங்கி மறுபடி ஜெயித்தார். ஓட்டுச் சாவடிக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 29-க்கும் குறைவு. எதிர்த்து நின்ற இரண்டே பேரில் ஒருவர் ஜெயிலில் இருந்தார். வேறு மூன்று பேரைப் போட்டியிட விடு என்று நிர்வாக நீதிமன்றம் சொன்னது. தேர்தல் ஆணையம் கேட்கவில்லை. தேர்தலுக்குச் சில நாள் முன்பு அந்த நீதிமன்றத்திடமிருந்து தேர்தல் வழக்குகளையே சட்டம் போட்டுப் பிடுங்கிவிட்டார்கள்.

நாலு பேரை உள்ளே வைத்தால் போதும் என்பதற்கும் பதில் இருக்கிறது. முதலில் மதக் கட்சித் தலைவர் கன்னூஷி உள்ளே போனார். மதக் கட்சியைப் பிடிக்காதவர்கள் மகிழ்ந்தார்கள். அதே ஆண்டு அவருடைய பரம எதிரியான அபீர் மூஸியும் உள்ளே போனார். 2025 ஏப்ரலில் சதி வழக்கில் சுமார் 40 பேருக்கு முதல் தீர்ப்பு வந்தது. அதிகபட்சம் 66 வருஷம். தீர்ப்பைக் குறை சொன்ன வழக்கறிஞர் ஒருவரையும் அடுத்த சில நாளில் பிடித்தார்கள். நாலு என்ற கணக்கு நாலோடு நிற்காது.

சாப்பாடுதான் முதல் உரிமை என்பார்கள் சிலர். இதை அழகாகச் சொன்னவர் பிரெஞ்சு ஜனாதிபதி சிராக்தான். 2003 டிசம்பரில் துனிசுக்கே போய், மனித உரிமைகளில் முதலாவது உண்பது, மருத்துவம், படிப்பு, வீடு. அதில் துனிசியா முன்னணியில் இருக்கிறது என்றார். அதே நாட்களில் ராதியா நஸ்ராவி என்ற மனித உரிமை வழக்கறிஞர் அங்கே உண்ணாவிரதம் இருந்துகொண்டிருந்தார்! சரி, சயீத் ஆட்சியில் சாப்பாடாவது வந்ததா? சர்க்கரைக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு, ரொட்டிக்கடை வாசலில் வரிசை. வாயையும் கட்டி வயிற்றையும் கட்டியாயிற்று.

தங்கை மகனுக்கு: அடேய், அரபுக்காரனுக்குப் பிரம்பு வேண்டும் என்கிறாயே, உன் கொள்ளுத்தாத்தா காலத்தில் இதே வார்த்தையை நம்மைப் பார்த்துச் சொன்னார்கள். புதுச்சேரியில் வாக்காளர்களைத் தனித்தனிப் பட்டியலாகப் பிரித்து, கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஐரோப்பியர்களுக்கு நம் ஜனத்தொகைக்குச் சமமாக இடம் கொடுத்த காலம் அது. மனித உரிமைப் பிரகடனத்தைப் பள்ளியில் எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். உரிமைக்கு உத்தரவாதமும் அதிகாரப் பிரிவினையும் இல்லாத சமூகத்துக்குச் சாசனமே இல்லை என்ற 16-ஆம் பிரிவு உட்பட. அதில் 'அரபிகள் நீங்கலாக' என்று எங்கேயும் கண்டதில்லை. பூர்கிபாவிடமும் பென் அலியிடமும் ஐம்பது வருஷத்துக்கு மேல் பிரம்பு இருந்தது. பிரம்பை வீசி எறிந்ததும் அதே ஜனங்கள்தான்.

நீ இருக்கும் ஐரோப்பா என்ன செய்தது? 2023 பிப்ரவரியில் சயீத் கறுப்பினக் குடியேறிகள் நாட்டின் மக்கள்தொகையையே மாற்ற வந்த சதி என்று பேசினார். தெருவில் அவர்களை அடித்தார்கள், வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். ஐந்தே மாதத்தில், ஜூலையில், ஐரோப்பிய ஆணையத் தலைவரும் இத்தாலி, நெதர்லாந்து பிரதமர்களும் துனிசுக்குப் போய் அவரோடு நின்று ஒப்பந்தம் அறிவித்தார்கள். படகுகளைத் தடுக்க 105 மில்லியன் யூரோ. பிரம்பு அவர்களுக்காக இல்லையப்பா, உங்களுக்காக.

இன்னொரு கூட்டம் உண்டு. இதெல்லாம் மேற்கு நாடுகளின் பிரசாரம், உள்நாட்டு விஷயத்தில் தலையிடாதே என்பார்கள். உள்ளே இருப்பவர்கள் துனிசியர்கள். அவர்களுக்காகக் கோர்ட்டில் நிற்பவர்களும் துனிசியர்கள். இதில் மேற்கு எங்கே வந்தது?

இவ்வளவு நீட்டி முழக்க எனக்கு என்ன யோக்கியதை? அதையும் சொல்லிவிடுகிறேன்.

1975-இல் எமர்ஜென்சி வந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். பஸ் நேரத்துக்கு வருகிறது, ஆபீசில் பத்து மணிக்கு எல்லோரும் சீட்டில் இருக்கிறார்கள், பரவாயில்லையே என்று நானே சொன்னேன். என் பக்கத்து மேஜைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்று கூப்பிடுவேன். டீக்கடையில் ஒரு நாள் அவர், "கடிகாரம் நல்லாத்தான் ஓடுது, வாய்தான் நின்னு போச்சு" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

நாலு நாள் கழித்து மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். நாலு வரி. பொய் ஒன்றும் எழுதவில்லை. தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அந்த மாதமே அவரை ஏனாமுக்கு மாற்றினார்கள். இங்கிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்குக் குறையாது. வீட்டில் படுக்கையில் தாயார், மூன்று பிள்ளைகள். எமர்ஜென்சி முடிந்த பிறகு திரும்பி வந்தார். அதே மேஜை, அதே டீக்கடை. அந்தத் தாளைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

தஹ்மானி சொன்ன வார்த்தையைப் படித்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. அதை யாரோ ஒரு குமாஸ்தா கேட்டு, தாளில் எழுதி, எண் போட்டு, கோப்பில் சேர்த்திருப்பான். அவனும் பொய் எழுதியிருக்க மாட்டான். மேலே ஒருவர் ஆணை போடலாம். கீழே எங்களைப் போல ஆயிரம் பேர் எழுதிக் கொடுக்காவிட்டால் ஒரு ஆணையும் நகராது.

ஆகவே நண்பரே, இனி ஒரு நாட்டைப் பற்றி விவாதிக்கும்போது, அந்தத் தலைவர் நல்லவரா, ரோடு போட்டாரா, எத்தனை சதவீதம் வாங்கினார் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்வோம். டீக்கடையில் அவரைக் கிண்டல் செய்துவிட்டு ஒருவன் அன்று ராத்திரி தன் வீட்டில் தூங்க முடிகிறதா என்று முதலில் கேட்போம். முடியாது என்றால் மற்றதெல்லாம் வீண் பேச்சு.

நாளைக் காலை காந்தி சிலைப் பக்கம் இதைத்தான் சொல்லப் போகிறேன். அவர்கள் மறுப்பார்கள். மறுக்கட்டும். மறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்க முடிகிறது பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன்.