இயந்திர வாத்தியாரும் பிளவக்கல் பிள்ளைகளும்

2025-ம் வருஷத்தில் செல்போனில் ஓடிய ஒரு சின்னப் படத்தைப் பார்த்துவிட்டு, வத்திராயிருப்புக்குப் பக்கத்திலுள்ள கூமாப்பட்டியையும் பிளவக்கல் அணையையும் தேடிக்கொண்டு ஜனங்கள் எங்கெங்கிருந்தோ வந்து குவிந்தார்கள். ஒரு மலையடிவாரத்துக் கிராமத்தின் பேரை நாடெங்கும் கொண்டுபோன அந்தச் செல்போன், அக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தொழிலறிவைக் கொண்டுவந்து கொடுக்காதா என்பதே நாம் கேட்பது.

"வேலை இருக்கிறது, வேலை தெரிந்த ஆள்தான் இல்லை" என்று கம்பெனிக்காரர்கள் சொல்லுகிறார்கள். நானூறுக்கு மேற்பட்ட இன்ஜினீயரிங் காலேஜ்கள் உள்ள தமிழ்நாட்டிலே இப்படிச் சொல்லக் கேட்பது வெட்கக்கேடல்லவா? இதற்காகவே 2022 மார்ச் 1-ந் தேதி 'நான் முதல்வன்' திட்டம் வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரைத் தேர்ச்சி பெறச் செய்வதென்று ஆரம்பிக்கப்பட்டது. இப்போது செயற்கை நுண்ணறிவு என்னும் இயந்திர வாத்தியாரும் வந்துவிட்டார். இந்த வாத்தியாரிடம் ஒரு பெரிய யோக்கியதை உண்டு. பத்துத் தரம் கேட்டாலும் கோபிப்பதில்லை. நீ எந்தத் தெரு, உன் அப்பன் என்ன தொழில் என்று விசாரிப்பதுமில்லை. அப்பன் தொழிலைப் பிள்ளை பழக அரைநாள் பள்ளிக்கூடம் போதுமென்று 1953-ல் ஆச்சாரியார் கொண்டுவந்து, 1954-ல் ஒழிந்த திட்டத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நிற்க, படத்தைத் திறந்துவிட்டால் படிப்பு வந்துவிடும் என்பது சுத்தப் புரட்டு. ஹார்வர்டும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் நடத்திய இணையப் பாடங்களில் 2017-18-ல் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்தான் முடித்தார்கள் என்று 2019-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் கணக்கு வெளியாயிற்று. சந்தேகம் வந்த இடத்தில் பக்கத்திலிருந்து திருத்த ஆளில்லாவிட்டால் பையன் எத்தனை நாள் முட்டிக்கொண்டிருப்பான்? அந்த ஆளாகத்தான் இயந்திர வாத்தியார் வருகிறார். ஆனால் அவர் படித்த ஏடுகளில் பெரும்பாகம் இங்கிலீஷ். சென்னை ஐ.ஐ.டி. 2021 முதல் நடத்தும் இணையப் பட்டப் படிப்பில் ஜே.இ.இ. பரீட்சை இல்லாமலே சேரலாம், ஏழைகளுக்குச் சம்பளச் சலுகையும் உண்டு. மெத்தச் சரி, பாடம் மட்டும் இங்கிலீஷில். நூல் போட்டவனுக்கே படிப்பு என்றிருந்தது போய், இங்கிலீஷ் தெரிந்தவனுக்கே படிப்பு என்றாவதா?

மற்றொரு பைத்தியக்காரத்தனமும் கிளம்பியிருக்கிறது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் அப்பிப் பூஜை போட்டது போதாமல், இயந்திர அறிவைக் கொண்டே ஜாதகமும் பார்க்கிறார்கள்! இந்த இயந்திரம் முக்காலமும் உணர்ந்த ரிஷியல்ல. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் பார்த்து, அடுத்து எந்த வார்த்தை வரக்கூடும் என்று கணக்குப் போட்டு எழுதுவது. தப்பையும் தயக்கமில்லாமல் சொல்லும். அது எழுதிக் கொடுத்த புரோகிராமை ஓட்டிப் பார்த்து, எங்கே தவறிற்று, ஏன் தவறிற்று என்று கேட்கிறவனே தொழில் கற்பான். வேதவாக்காய் எடுத்துக்கொள்ளுகிறவன் சர்டிபிகேட்டை மாட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான்.

பெண்கள் சங்கதி இன்னும் மோசம். அநேக வீடுகளில் இருக்கிற ஒரே செல்போன் அப்பன் கையிலோ அண்ணன் கையிலோ இருக்கிறது. பெண் கையில் கொடுத்தால் கெட்டுப்போவாளாம். ஆண் கையில் இருந்தால் மட்டும் ஞானம் வளருகிறதாக்கும்! ஆகையால் "வீட்டிலிருந்தே படிக்கலாம்" என்கிற விளம்பரம் அவளைப் பொறுத்தவரை வெறும் வாய்ப்பந்தல். அவளுக்கு வேண்டியது ஊர் நூலகத்தில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒரு கம்ப்யூட்டர், தமிழில் பாடம், தவறினால் காட்டிக்கொடுக்கச் சம்பளம் வாங்கும் ஒரு ஆள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கும்பாபிஷேகத்துக்குக் கொட்டிக்கொடுக்கிற செல்வவான்கள், ஒரு வருஷத்துப் பணத்தைக் கூமாப்பட்டி நூலகத்துக்குக் கொடுத்துப் பார்க்கட்டுமே.