மலையில் கலங்கிய நீர் முகத்துவாரத்தில் தெளியுமா?



கொழும்பின் வட எல்லையில் களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை நாம் முகத்துவாரம் என்கிறோம். அங்கே கழிவுகள் மிதப்பதைக் கண்டு முகஞ்சுளிக்கிறோம். ஆனால் அந்த ஆறு பிறப்பது நமது ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை மலைகளில் அல்லவா? கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கித்துல்கலைப் பகுதியில் ஒன்றுசேர்ந்து களனியாகின்றன. அந்நீரையே அம்பத்தலையில் சுத்திகரித்துத் தலைநகர் அருந்துகிறது.

இன்று கெசல்கமுவ ஓயாவின் கரைகள் மாணிக்கக்கல் தேடிச் சட்டவிரோதமாகத் தோண்டப்படுகின்றன. கல்லை எடுத்தவர் போய்விடுகிறார். சேறோ 1965இல் அமைக்கப்பட்ட காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி ஓடுகிறது. அடியில் படியும் மண் நீர் தங்கும் இடத்தைக் கவர்கிறது. மீன் முட்டைகளை மூடி மூச்சடக்குகிறது. குழியில் இறங்கும் இளைஞனை வறுமை இறக்குகிறது. அவனுக்குப் பணங்கொடுத்து அனுப்புகிறவரே கடவுள் முன் பெரிதும் கணக்குக் கொடுக்க வேண்டியவர்.

தோட்டத்து மக்களே ஓடைகளை அசுத்தப்படுத்துகின்றனர் எனச் சிலர் கூறுவர். போதிய மலசலகூடமற்ற லயன்களிலும், குப்பை வண்டி எட்டாத தோட்டங்களிலும் வாழ்வோர்மீது மட்டும் பழி சுமத்துவது நீதியன்று. அவர்களே பீலியில் அந்நீரை முதலில் பருகுகின்றவர்கள். தோட்டங்களுக்குச் சேவையாற்ற 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தடை என்று நெடுங்காலம் கூறப்பட்டது. அச்சட்டம் 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. இனியும் சாட்டுச் சொல்ல இடமில்லை. தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் தத்தம் கடமையைச் செய்யும்படி கேட்பது நமது உரிமை.

தூய குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ திருமடலில் தெளிவாக எடுத்துரைத்தார். இறைவாக்கினர் எசேக்கியேல் கண்ட காட்சியிலும், ஆலயத்திலிருந்து புறப்பட்ட நீர் கடல்வரை சென்று, பாய்ந்த இடமெல்லாம் உயிரளித்தது. நம் மலையிலிருந்து புறப்படும் நீர் எதனைச் சுமந்து செல்கிறது?

செப்டெம்பர் 1 முதல் ஒக்டோபர் 4 வரை திருச்சபை படைப்பின் காலத்தைக் கடைப்பிடிக்கிறது. அக்காலத்தில் ஒவ்வோர் அன்பியமும் தன் அருகிலுள்ள ஒரு பீலியையோ ஓடையையோ பொறுப்பேற்கட்டும். கரையில் கிடக்கும் பிளாஸ்டிக்கை அகற்றுங்கள். மருந்து தெளிக்கும் கருவிகளை ஓடையில் கழுவாதிருங்கள். கரையோரப் புல்லையும் மரத்தையும் வெட்டாது விடுங்கள், அவையே மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன.

நம் பிள்ளைகள் திருமுழுக்குப் பெறுவதும் இம்மலை நீரிலேதான். ஆலயத்தினுள் ஆசீர்வதிக்கும் நீரை ஆலயத்திற்கு வெளியே அவமதியாதிருப்போம்.