ஒரு சிறுநீரகத்துடன் முழு வாழ்க்கை: கொச்சி சொல்லும் பதில் ஒன்று, வில்லிவாக்கம் சொல்லும் பதில் வேறு

கொச்சி: வைட்டிலா சந்திப்பிலிருந்து புறவழிச்சாலையில் தெற்கு நோக்கிச் சென்று, குண்டனூரைக் கடந்தால் நெட்டூர். அங்குள்ள லேக்‌ஷோர் மருத்துவமனையில் 2009 முதல் 2016 வரையிலான ஏழு ஆண்டுகளில், கேரளம் நன்கறிந்த மூவர் தங்களுக்கு உறவினர் அல்லாதவர்களுக்குச் சிறுநீரகம் அளித்தனர். முதலாமவர் திருச்சூரைச் சேர்ந்த பாதிரியார் டேவிஸ் சிறமேல். இரண்டாமவர் வி-கார்டு நிறுவனர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி. மூன்றாமவர் பாலா மறைமாவட்டத்தின் துணை ஆயராக இருந்த ஜேக்கப் முரிக்கன். பொறுப்பில் இருக்கும்போதே சிறுநீரகம் அளித்த முதல் இந்திய ஆயர் என்று அப்போது அவர் குறிப்பிடப்பட்டார்.

மூவரும் அறுவை சிகிச்சைக்குப் பின் தத்தம் பணிக்குத் திரும்பினர். இதனால் "ஒரு சிறுநீரகத்துடன் வாழ முடியுமா" என்ற கேள்விக்குக் கேரளத்தில் கண்ணெதிரே விடை கிடைத்தது. ஆயினும் அந்த விடையை அனைவருக்கும் பொதுவானதாக எடுத்துக்கொள்ள இயலுமா என்பது தனிக் கேள்வி.

அறுபது வயதில் ஒரு முடிவு

கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 1950-இல் பிறந்தவர். 1977-இல் தந்தையிடம் ஒரு லட்சம் ரூபாய் கடன் பெற்று, மின்னழுத்த நிலைப்படுத்தி தயாரிக்கும் சிறு தொழிலைத் தொடங்கினார். அதுவே வி-கார்டு என்ற பெருநிறுவனமாக வளர்ந்தது. 2011-இல், 60 வயதில், அறிமுகமில்லாத ஒரு லாரி ஓட்டுநருக்குத் தமது சிறுநீரகங்களில் ஒன்றை அளித்தார். அந்தத் தானம் ஒருவருடன் நின்றுவிடக் கூடாது என்பதும் திட்டத்தின் பகுதியாக இருந்தது. சிறுநீரகம் பெறுபவரின் குடும்பத்தினர் மற்றொரு நோயாளிக்கு வழங்க முன்வர வேண்டும் என்ற சங்கிலித் தான முறையை, டேவிஸ் சிறமேல் 2009-இல் தொடங்கிய இந்தியச் சிறுநீரகக் கூட்டமைப்பு அப்போது வலியுறுத்தி வந்தது.

தானத்திற்குப் பிந்தைய அவரது ஆண்டுகள் ஓய்வில் கழியவில்லை. வி-கார்டின் அன்றாட நிர்வாகத்தை மகனிடம் ஒப்படைத்தார். தமது பெயரிலான அறக்கட்டளை மூலம் உறுப்பு தானத்திற்காகப் பேசினார். 2015-இல் தெருநாய்த் தொல்லைக்கு எதிராகக் கொச்சியில் உண்ணாவிரதமும் இருந்தார். அந்தப் போராட்டத்தின் நியாயம் குறித்து மாறுபட்ட கருத்துகள் உண்டு. எனினும் ஒற்றைச் சிறுநீரகத்துடன் அறுபதைக் கடந்த ஒருவர் உண்ணாவிரதம் இருக்கும் அளவுக்கு உடல்நலத்துடன் இருந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றில் கொடையாளராக இருந்தவரின் வாழ்க்கையும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது. 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ரொனால்டு ஹெரிக் தமது இரட்டைச் சகோதரருக்குச் சிறுநீரகம் அளித்தார். ஆசிரியராகவும் விவசாயியாகவும் வாழ்ந்து, 56 ஆண்டுகளுக்குப் பின் 2010 டிசம்பரில் 79 வயதில் காலமானார். அந்தச் சிகிச்சையை நிகழ்த்திய ஜோசப் முர்ரே 1990-இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடைபெற்றது.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. ஒன்றை அகற்றியதும் வடிகட்டும் திறன் பாதியாகக் குறைகிறது. ஆனால் அது அங்கேயே நின்றுவிடுவதில்லை. எஞ்சிய சிறுநீரகம் சில வாரங்களிலேயே சற்றுப் பருத்துக் கூடுதலாக உழைக்கத் தொடங்குகிறது. சில மாதங்களில் மொத்தத் திறன், தானத்திற்கு முன் இருந்த அளவில் ஏறத்தாழ 65 முதல் 70 விழுக்காட்டை எட்டுகிறது. அன்றாட வாழ்க்கைக்கு இது தாராளமாகப் போதும்.

பெரும்பாலான கொடையாளர்களுக்கு இப்போது லேப்ராஸ்கோப்பி முறையிலேயே அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. சில நாட்களில் வீடு திரும்பலாம். நான்கு முதல் ஆறு வாரங்களில் வழக்கமான வேலைக்குச் செல்லலாம். சிறுநீரகம் பெற்றவர் ஆயுள் முழுவதும் எதிர்ப்புத்திறனைக் கட்டுப்படுத்தும் மருந்துகளை உட்கொள்ள வேண்டும். கொடுத்தவருக்கு அத்தகைய மருந்து எதுவும் தேவையில்லை.

இங்கு ஒரு சிறு சிக்கல் உண்டு. கொடையாளரின் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு முன்பைவிடச் சற்று உயர்ந்தே இருக்கும். பரிசோதனைக் கூட அறிக்கை அதைக் குறைபாடாகக் காட்டக்கூடும். புதிய மருத்துவர் ஒருவர் அந்த எண்ணை மட்டும் பார்த்தால், நலமாக இருப்பவரைச் சிறுநீரக நோயாளி என்று கருதிவிட வாய்ப்புண்டு. தானம் செய்த விவரத்தையும் தானத்திற்கு முந்தைய அறிக்கைகளையும் கையில் வைத்திருப்பது இதனால்தான் அவசியமாகிறது.

எண்கள் தரும் ஆறுதலும் எச்சரிக்கையும்

அமெரிக்காவில் 1994 முதல் 2009 வரை சிறுநீரகம் அளித்த 80,347 பேரை ஆராய்ந்த ஆய்வு 2010-இல் வெளியானது. அறுவை சிகிச்சைக்குப் பின் 90 நாட்களுக்குள் உயிரிழந்தவர்கள் 10,000 பேருக்கு 3.1 என்ற விகிதத்தில் இருந்தனர். 2024-இல் வெளியான தொடர் ஆய்வின்படி, 2013-2022 காலகட்டத்தில் இது 10,000 பேருக்கு 0.9 ஆகக் குறைந்துள்ளது. பெரிய அறுவை சிகிச்சைகளில் இவ்வளவு குறைந்த இறப்பு விகிதம் அரிது.

நீண்டகால ஆபத்து பற்றிய விடை இவ்வளவு எளிதானதன்று. மின்னசோட்டாவில் 1963 முதல் 2007 வரை தானம் செய்த 3,698 பேரை ஆராய்ந்த 2009-ஆம் ஆண்டு ஆய்வு, அவர்களின் ஆயுளும் சிறுநீரகச் செயலிழப்பு விகிதமும் பொதுமக்களுக்கு இணையாகவே உள்ளன என்றது. இந்த ஆய்வை மேற்கோள் காட்டி, "ஆபத்தே இல்லை" என்று பலர் பேசி வந்தனர். ஆனால் கொடையாளர்கள் தொடக்கத்திலேயே நன்கு பரிசோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆரோக்கியமானவர்கள். அவர்களை நோயாளிகளும் அடங்கிய பொதுமக்களுடன் ஒப்பிடுவது சரியாகுமா?

2014-இல் வெளியான மற்றோர் ஆய்வு அந்தக் குறையைப் போக்கியது. 96,217 கொடையாளர்களை, தானம் செய்யாத, அவர்களுக்கு இணையான ஆரோக்கியம் உடையவர்களுடன் அது ஒப்பிட்டது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் வாழ்நாள் வாய்ப்பு, தானம் செய்யாத ஆரோக்கியமானவர்களில் 10,000 பேருக்கு 14 ஆகவும், கொடையாளர்களில் 90 ஆகவும், பொதுமக்களில் 326 ஆகவும் மதிப்பிடப்பட்டது. தானத்தால் ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்பது உண்மை. கூடிய பிறகும் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதும் உண்மை. கொடையாளரின் குடும்பத்திற்கு இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

வயதும் முக்கியமானது. 60 வயதில் முழுப் பரிசோதனையில் தேறிய ஒருவருக்குச் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ வருவதாக இருந்தால் அது பெரும்பாலும் அதற்குள் தெரிந்திருக்கும். 25 வயதுடையவருக்கு அப்படிச் சொல்ல இயலாது. அவருக்கு வரக்கூடிய நோய்களுக்கு இன்னும் அரை நூற்றாண்டுக் கால அவகாசம் உள்ளது. இந்தியாவில் 10.1 கோடிப் பேர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு தெரிவித்தது. மேலே கண்ட ஆய்வுகள் அமெரிக்காவைச் சார்ந்தவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இளம் இந்தியக் கொடையாளருக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை என்பது விளங்கும். கருவுறும் வாய்ப்புள்ள பெண்களுக்கும் இது பொருந்தும். கனடாவில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், தானத்திற்குப் பின் கருவுற்ற பெண்களில் 11 விழுக்காட்டினருக்குக் கர்ப்பகால ரத்த அழுத்தப் பாதிப்புகள் ஏற்பட்டன. தானம் செய்யாத பெண்களில் இது 5 விழுக்காடு.

அதே அறுவை சிகிச்சை, வேறு வாழ்க்கை

சென்னை வாசகர்களுக்குச் சிறுநீரகம் என்றதும் நெட்டூர் நினைவுக்கு வராது. வில்லிவாக்கமே நினைவுக்கு வரும். வறுமையால் சிறுநீரகத்தை விற்றவர்கள் பெருகியதால், ஒரு காலத்தில் அப்பகுதிக்கு 'கிட்னிவாக்கம்' என்றே பெயர் ஏற்பட்டது. சென்னையில் சிறுநீரகத்தை விற்ற 305 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2002-இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைப்பதற்காகவே விற்றிருந்தனர். விற்ற பின் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 54 விழுக்காட்டிலிருந்து 71 விழுக்காடாக உயர்ந்தனர். உடல்நலம் சீர்குலைந்ததாக 86 விழுக்காட்டினர் கூறினர். பிறருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றவர்கள் 79 விழுக்காடு.

அகற்றப்பட்டது அங்கும் ஒரே ஒரு சிறுநீரகம்தான். தானத்திற்கு முன் கவனமான பரிசோதனை, பின்னர் போதிய ஓய்வு, ஆண்டுதோறும் மருத்துவக் கண்காணிப்பு, சில வாரம் வேலைக்குச் செல்லாவிட்டாலும் அடுப்பெரியும் நிலை ஆகியவை கொச்சியின் தொழிலதிபருக்கு இருந்தன. வில்லிவாக்கத்தின் கூலித் தொழிலாளிக்கு இவற்றில் எதுவும் இல்லை. முழு வாழ்க்கை என்பது எஞ்சிய சிறுநீரகத்தின் திறனை மட்டும் பொறுத்ததன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இது பழைய கதையும் அன்று. நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் கடனில் தவித்த விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் குறிவைத்தது 2025 ஜூலையில் அம்பலமானது. தமிழக அரசு விசாரணை நடத்தியது. பின்னர் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கொச்சியும் இதற்கு விலக்கன்று. உறுப்பு விற்பனைக்காக ஆட்களை ஈரானுக்கு அனுப்பியதாக ஒருவர் 2024 மே மாதம் நெடும்பாசேரி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அந்த வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்கு மாற்றப்பட்டது.

1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைத் தடை செய்கிறது. 2011 திருத்தத்திற்குப் பின், குற்றவாளிகளுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை சிறையும், 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க முடியும். நெருங்கிய உறவினர் அல்லாதவர் தானம் செய்ய, அன்பின் பொருட்டோ வேறு சிறப்புக் காரணத்தாலோ அளிப்பதாக அங்கீகாரக் குழுவிடம் நிறுவ வேண்டும். சிட்டிலப்பிள்ளி போன்றோரின் தானமும், தரகர் வழியே நடக்கும் விற்பனையும் நுழைவது இந்த ஒரே வாயில் வழியாகத்தான். முன்னதற்குத் தடையாகாமல் பின்னதை அடைப்பது குழுக்களுக்கு இதுவரை எளிதாக இருக்கவில்லை.

கொடுப்பவர் யார்?

1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடைபெற்ற 36,640 உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைகளில் 29,000-க்கும் மேற்பட்டவை ஆண்களுக்காகவே நடந்துள்ளன. பெண்கள் பெற்றவை 6,945 மட்டுமே என்று தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் தரவு கூறுகிறது. மறுபுறம், உயிருடன் இருக்கும்போது தானம் செய்வோரில் பெரும்பான்மையினர் பெண்கள். தாயும் மனைவியும் கொடுக்கின்றனர். மகனும் கணவனும் பெறுகின்றனர். எர்ணாகுளம் அரசுப் பொது மருத்துவமனையில் 2023 நவம்பரில் நடைபெற்ற சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை, நாட்டிலேயே மாவட்ட அளவிலான மருத்துவமனை ஒன்றில் நடந்த முதல் சிகிச்சை என்று அறிவிக்கப்பட்டது. அதிலும் தாய் ஒருவரே தம் மகனுக்கு அளித்தார்.

அந்தத் தாய்மாரின் அன்பில் ஐயம் கொள்ள இடமில்லை. ஆனால் குடும்பத்தில் "சம்பாதிப்பவருக்கு ஆபத்து கூடாது" என்ற பேச்சு எழும்போது, மறுக்கும் உரிமை அவர்களுக்கு மெய்யாகவே உள்ளதா என்பதை யாரேனும் தனியறையில் கேட்டறிய வேண்டும். நோயாளியைக் கவனிக்கும் மருத்துவரைத் தவிர்த்து, கொடையாளரின் நலனை மட்டும் கருதும் வேறொருவர் அதைக் கேட்பதே முறை.

கொடுத்த பிறகு செய்ய வேண்டியவை அதிகச் செலவு பிடிப்பவை அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சர்க்கரை, சிறுநீரில் புரதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உடல் எடை கட்டுக்குள் இருக்க வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளை மருத்துவர் ஆலோசனையின்றிக் கடையில் வாங்கி விழுங்குவதைத் தவிர்க்க வேண்டும். நோயாளி மாதந்தோறும் மருத்துவமனைக்கு வருவதால் அவரது கோப்பு தடிக்கிறது. உடன் வரும் கொடையாளர் வெளியே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்; அவரது கோப்பைத் திறந்து பார்க்கும் வழக்கம் பல இடங்களில் இல்லை.

ஓய்வின் நிலையும் இதேதான். உறுப்பு தானம் செய்யும் மத்திய அரசு ஊழியர்களுக்கு 42 நாட்கள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு வழங்க 2023 ஏப்ரலில் ஆணை பிறப்பிக்கப்பட்டது. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கோ, விசைத்தறியில் கூலிக்கு நிற்பவருக்கோ அந்த 42 நாட்களுக்கான கூலியை வழங்கும் ஆணை எதுவும் அதில் இல்லை.