நெய்வேலித் தண்ணீர்

இந்த வாரம் ஒரு தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டேன். கடலூர் மாவட்டத்து வேட்பாளர்கள் சிலரை உட்காரவைத்து, நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்தில் உங்கள் நிலைப்பாடு என்ன என்று கேட்டார்கள். ஏக்கருக்கு இன்னும் கூட்டி வாங்கித் தருவேன் என்றார் ஒருவர். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை என்றார் அடுத்தவர். ஒரு பிடி மண்ணை எடுக்க விடமாட்டேன் என்று மேசையைத் தட்டினார் மூன்றாமவர். கரண்ட் வேண்டுமா வேண்டாமா, அதை முதலில் சொல்லுங்கள் என்று திருப்பிக் கேட்டார் இன்னொருவர். நிகழ்ச்சி முடியும்வரை தண்ணீரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் நெடுநாள் ஆதங்கம் தெரியும். தேர்தல் அறிக்கைகளில் நான் முதலில் தேடுவது ஏரி, ஆறு, கிணறு. கிடைப்பது பெரும்பாலும் ‘தூர்வாரப்படும்’ என்ற ஒற்றை வரி. ஆனால் நெய்வேலியைப் பற்றிப் பேசும்போதுகூடத் தண்ணீரை மறக்க முடியும் என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

நிலைப்பாடுகளுக்கு இங்கே பஞ்சமே கிடையாது. மத்திய அரசு, சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனத்தின் பங்குகளை விற்கக் கிளம்பியபோது, 2006-இல் கருணாநிதி கடுமையாக எதிர்த்து நிறுத்தினார். 2013-இல் ஜெயலலிதா, தமிழக அரசு நிறுவனங்களையே அந்தப் பங்குகளை வாங்கவைத்தார். அன்றைக்கு எல்லாக் கட்சிக்கும் அது நம்முடைய நிறுவனம். பத்தாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி என்று மூன்று இடங்கள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தன. முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சட்டமன்றத்தில் கட்சி பார்க்காமல் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே மூன்றும் பட்டியலிலிருந்து நீங்கின. காவிரி டெல்டாவுக்காக எல்லோரும் ஒன்றாக நின்ற அந்த வாரத்தை நான் மகிழ்ச்சியோடு நினைத்துப்பார்க்கிறேன்.

அதே ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி, கடலூர் மாவட்டத்து வளையமாதேவியில், பால் பிடித்துக்கொண்டிருந்த நெல்வயலுக்குள் என்.எல்.சி.யின் மண் அள்ளும் இயந்திரங்கள் போலீஸ் பாதுகாப்போடு இறங்கின. பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்ட வேண்டும். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்றது நிறுவனம். இரண்டு நாள் கழித்து பா.ம.க. நடத்திய முற்றுகை, கல்வீச்சிலும் துப்பாக்கி வேட்டிலும் போய் முடிந்தது. அறுவடை வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா என்று உயர் நீதிமன்றமே கேட்டது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில், சுரங்கத்தை எதிர்த்து முற்றுகையிட்ட கட்சி, சுரங்கத்தை வைத்திருக்கும் மத்திய அரசின் கட்சியோடு கூட்டணி சேர்ந்து கடலூரில் நின்றது. ‘டெல்டாவில் விடமாட்டோம்’ என்ற மாநில அரசின் போலீஸ்தான் வளையமாதேவியில் காவலுக்கு நின்றது. இதில் யார் பக்கம் நியாயம் என்று தரம் பிரித்து எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத மனம் அதில் நிற்கவில்லை. நான் கேட்க வேண்டியது சுரங்கத்துக்கும் கீழே கிடக்கிறது.

நெய்வேலியில் நிலக்கரி இருப்பதை நமக்குக் காட்டிக்கொடுத்ததே தண்ணீர்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ கலந்து வந்தது. அதை அவர் அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனார். பின்னால் திட்டத்துக்காகத் தன் நிலத்தையும் கொடுத்தார். 1956 நவம்பரில் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெயிலைப் பார்த்தது. இடையில் கழிந்த அந்த நான்கு ஆண்டுகள், மேலே கிடந்த கடினமான மணற்பாறையை அகற்றவும் கீழே இருந்த தண்ணீரை அடக்கவும் ஆனவை.

அடக்குவது என்று ஏன் சொல்கிறேன் என்றால், நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அது மேல்நோக்கித் தள்ளுகிறது என்பது சுரங்கப் பொறியாளர்கள் சொல்லும் கணக்கு. மேலே இருக்கும் மண்ணையும் பாறையையும் அள்ளி எடுத்துவிட்டால், மிச்சமிருக்கும் நிலக்கரி கொதிக்கும் உலையின் மேல் வைத்த மூடிதான். தண்ணீர் அதைப் பிளந்துகொண்டு வந்து சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். சுரங்கம் திறந்திருக்கும்வரை அந்த மோட்டார்களை நிறுத்த முடியாது. சுரங்கம் நகர்ந்தால் அவையும் சேர்ந்து நகர்கின்றன. விரிவாக்கம் என்றால் புதிதாகத் தோண்டும் நிலம் மட்டும் இல்லை. இறைப்பும் புது ஊர்களுக்குப் போகிறது என்று பொருள்.

இந்த நீர்த்தேக்கம் வேலி போட்ட சுரங்க எல்லைக்குள் அடங்கியது இல்லை. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேட்டில், முந்திரியும் பலாவும் நிற்கிற அந்த மணற்பாறையில் விழும் மழை உள்ளே இறங்கி, கிழக்கே கடலை நோக்கி மெல்லப் போகிறது. சுரங்கம் அதன் வழியில் இருக்கிறது. நடுவில் இடைவிடாமல் உறிஞ்சினால், கிழக்கே கடல்நீர் உள்ளே ஏறிவிடுமோ என்ற கவலை நிலத்தடி நீர் அறிஞர்களுக்கு நெடுநாளாக உண்டு.

கம்மாபுரம் பக்கம் ஒரு கொல்லையில் சப்மெர்சிபிள் மோட்டாரை மேலே தூக்குவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். மூன்று கால் நட்டு, சங்கிலிக் கப்பி மாட்டி, பைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வரப்பு ஓரம் அடுக்கினார்கள். ஒவ்வொரு பைப்பிலும் அதை இறக்கிய வருஷத்தைச் சிவப்புப் பெயிண்டில் எழுதிவைத்திருந்தார் நிலத்துக்காரர். மேலே இருந்த பைப்புகளில் வருஷங்கள் தள்ளித் தள்ளி இருந்தன. அடியில் வர வர, அடுத்தடுத்த கோடைகள். கடைசியாக வந்த மோட்டாரின் காயில் கருகியிருந்தது. “எங்க தாத்தா காலத்துல போர் போட்டா தானா பொங்கும் தம்பி, மோட்டாரே கிடையாது. இப்ப நெல்லு வித்த காசுல பாதி பைப்புக்கடைக்கும் காயில் கட்டுறவனுக்கும் போகுது” என்றார். 8 அடியில் இருந்த தண்ணீர் 800 அடிக்குப் போய்விட்டது என்று மேடைகளில் முழங்குகிறார்கள். அந்தக் கணக்கை நிறுவனம் ஒப்புக்கொள்வதில்லை. நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. அந்தப் பெயிண்ட் எழுத்துகளை என் கண்ணால் பார்த்தேன்.

இதே தண்ணீருக்கு இன்னொரு முகமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். சுரங்கத்திலிருந்து இறைத்த தண்ணீர் வாய்க்கால் வழியாக வாலாஜா ஏரிக்கும் பரவனாற்றுக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. குறிஞ்சிப்பாடி பக்கம் அதை நம்பி நாற்று விடுகிறவர்கள் ஏராளம். மேட்டூர் திறக்கத் தாமதமானாலும் என்.எல்.சி. தண்ணீர் வந்துவிடும் என்பது அங்கே தலைமுறைப் பழக்கமாகிவிட்டது. கூடவே வரும் சேறும் நிலக்கரித் துகளும் ஏரியை மேடாக்குகின்றன என்ற புகார் ஒருபுறம். தண்ணீர் நின்றுவிடக் கூடாதே என்ற பயம் மறுபுறம். மேற்கே கிணறு வற்றும் சம்சாரியும், கிழக்கே வாய்க்கால் நிறையும் சம்சாரியும் சொந்தக்காரர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். ‘சுரங்கத்தை மூடு’, ‘சுரங்கம் வேண்டும்’ என்ற இரண்டு கோஷங்களில் எதை வைத்தும் இந்தக் குடும்பங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் வேட்பாளர்கள் ஏக்கர் விலைக்கு ஓடிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். விலையைப் பேசுவது சுலபம்.

சுரங்கம் என்றைக்காவது ஒருநாள் தீர்ந்துதான் போகும். அன்றைக்கு மோட்டார்களை நிறுத்தினால் அந்தப் பெரும்பள்ளத்தில் தண்ணீர் ஏறும். அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும், யாருக்குச் சொந்தம்? பெருமாள் ஏரிப் பாசனத்துக்கு அப்புறம் எங்கிருந்து தண்ணீர் வரும்? கம்மாபுரத்துக் கிணறுகளில் பழைய மட்டம் திரும்புமா, திரும்ப எத்தனை காலம் ஆகும்? இவற்றுக்குப் பொறியாளர்களும் நிலவியல் அறிஞர்களும் பதில் வைத்திருக்கக்கூடும். அந்தப் பதிலைத் தமிழில், ஊருக்குப் புரியும்படி, வாக்குக் கேட்டு வருகிறவர் கொண்டுவந்து தர வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

அவ்வளவு பெரிய வாக்குறுதி முடியாது என்றால் சின்னதாக ஒன்று கேட்கிறேன். சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு கிணற்றைத் தேர்ந்தெடுத்து, நீர்மட்டத்தை மாதாமாதம் அளந்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் தேதியோடு எழுதவைப்பேன் என்று ஒரு வேட்பாளர் சொல்லட்டும். எந்தக் கட்சியாக இருந்தாலும் அவர் பெயரை அடுத்த வாரமே இந்தப் பத்தியில் எழுதுகிறேன்.