ஈயச்சொம்பில் ரசம் வைக்கலாமா?

1/ "டாக்டர், ஈயச்சொம்பு வாங்கியிருக்கோம். ரசம் வைக்கலாமா?"

என் பதில்: அது எந்த ஈயம்னு உறுதியா தெரியாம வைக்காதீங்க. வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தா வேண்டவே வேண்டாம். காரணம் சொல்றேன்.

2/ தமிழில் ஈயம் ரெண்டு. வெள்ளீயம்னா டின். காரீயம்னா லெட். ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது. அதனால் பெரிய கெடுதல் இல்லை. காரீயம் நஞ்சு.

3/ சிக்கல் என்னன்னா, காரீயம் விலை ரொம்பக் குறைவு. உருக்கினா வெள்ளீயத்தோடு சுலபமா கலந்துடும். ரேடியோ ரிப்பேருக்குப் பயன்படுத்தின பழைய சால்டர் கம்பி இந்தக் கலவைதான். சொம்பில் கலந்திருந்தா கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

4/ ரசத்தில் புளி, தக்காளி. கூடவே சூடு. காரீயம் கரைய இது போதும். ருசியில் தெரியாது.

5/ உள்ளே போகும் காரீயத்தை, பெரியவங்களைவிட குழந்தைகள் உடல் 4-5 மடங்கு அதிகமா உறிஞ்சும். பாதிப்பு மூளை வளர்ச்சியில், கவனத்தில், படிப்பில். பெரியவங்களுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு. எலும்பில் பல வருஷம் தங்கும். கர்ப்ப காலத்தில் அங்கிருந்து ரத்தத்துக்கு வந்து, கருவையும் சேரும். "இவ்வளவு வரை பரவாயில்லை" என்று சொல்லத்தக்க அளவே இதுக்குக் கிடையாது.

6/ "எங்க பாட்டி அதுல சாப்பிட்டு 90 வயசு வரை இருந்தாங்களே?"

பாட்டியோட சொம்பு சுத்த வெள்ளீயமா இருந்திருக்கலாம். நீங்க போன மாசம் வாங்கினதும் அப்படித்தான்னு யார் சொன்னது? காரீயம் பெரும்பாலும் ஆளைச் சாய்ப்பதில்லை. பிள்ளையின் திறமையில் கொஞ்சத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். இழந்தது என்னன்னு வீட்டில் யாருக்கும் தெரியாது.

7/ பெட்ரோலில் கலந்த காரீயத்தையே 2000-ல் நாடு முழுக்க நிறுத்தினோம். நகைக்கு ஹால்மார்க் கேட்கிறோம். வாயில் ஊற்றும் ரசத்துக்கு "பாரம்பரியம்"ங்கிற ஒரு சொல் போதுமா? ஈயச்சொம்பு விற்பவர்கள் உலோகச் சோதனை அறிக்கை தரணும். அரசு அதைக் கட்டாயமாக்கணும். இது என் கருத்து.

8/ ஒரு நாள் சாப்பிட்டதுக்குப் பதற வேண்டாம். தினமும் பயன்படுத்தி, வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தா, மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் லெட் அளவு பாருங்க. சொம்பை ஆய்வகத்தில் சோதிச்சு முடிவு வரும்வரை ஷோகேஸில் வைங்க.

எவர்சில்வரில் வச்சாலும் ரசம் ரசம்தான்.