பண்டிகைக் கால மதுவும் பகிர வேண்டிய பொறுப்பும்

ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு மறுநாள் இருவகைச் செய்திகள் தவறாமல் வெளிவருகின்றன. ஒன்று, டாஸ்மாக் கடைகளில் எத்தனை கோடி ரூபாய்க்கு மது விற்றது என்பது. மற்றொன்று, சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் பற்றியது. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் வழக்கம்தான் நம்மிடம் இன்னும் உருவாகவில்லை.

ஒருவரின் நுகர்வால் அதில் தொடர்பற்ற பிறருக்கு ஏற்படும் பாதிப்பைப் பொருளியலில் 'புறவிளைவு' என்கிறோம். வகுப்பறையில் இதற்கு ஆலைப்புகையை உதாரணமாகக் கூறுவது மரபு. நானோ பெரும்பாலும் மதுவையே எடுத்துக்காட்டி வந்தேன். குடிப்பவர் புட்டிக்குத் தரும் விலையில், எதிரே வரும் இருசக்கர வாகன ஓட்டியின் உயிரும், போனஸ் பணத்தை எதிர்பார்த்திருக்கும் மனைவியின் ஏமாற்றமும் சேர்வதில்லை.

'அளவோடு குடியுங்கள்' என்ற அறிவுரை காதில் விழாதவர் இல்லை. அந்த அளவு எது என்பதைத்தான் எவரும் கூறுவதில்லை. 42.8 சதவீத ஆல்கஹால் கொண்ட 180 மில்லி மதுவில், அதாவது ஒரு குவார்ட்டரில், ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் உள்ளது. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சிதைப்பது தோராயமாக 7 முதல் 10 கிராம் வரைதான். தேநீரோ மோரோ தலைக்குக் குளிப்பதோ இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டம் குற்றமாக்குகிறது. முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். இரவு பத்து மணிக்குக் குவார்ட்டரை முடித்தவர், அதிகாலை ஐந்து மணிக்கு மாமியார் வீட்டுக்குப் புறப்படும்போதும் இந்த வரம்பைக் கடந்தவராக இருக்கக்கூடும். தூங்கி எழுந்துவிட்டதாலேயே போதை தெளிந்துவிட்டதாகக் கருதுவது ஆபத்தானது.

ஆனால், பொறுப்பு குடிப்பவருக்கு மட்டும் உரியதா? 2003-ஆம் ஆண்டு முதல் மதுவின் சில்லறை விற்பனையை நடத்துவது அரசு நிறுவனம். 2023-24-இல் மதுவால் கிடைத்த வரி வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. விற்பவரும் கட்டுப்படுத்துபவரும் ஒருவராகவே இருக்கும்போது, கட்டுப்பாடு தளர்வது இயல்பே.

பண்டிகை நாளில் கடைகளை மூடுவது மட்டும் தீர்வாகாது. பொங்கலை ஒட்டி வரும் திருவள்ளுவர் தினத்தில் கடைகள் மூடப்படுகின்றன. நாள் முன்கூட்டியே தெரிந்த விடுமுறை என்பதால், வேண்டியவர்கள் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ள முடிகிறது. விற்பனை நாள் மாறலாம். குடிப்பது குறைய வேண்டும் என்பதில்லை.

செய்யக்கூடியவை வேறு உள்ளன. மது போதைச் சோதனையை நள்ளிரவோடு நிறுத்தாமல் விடியற்காலையிலும் நடத்தலாம். சிறு நகரங்களிலும் பண்டிகை இரவுகளில் கூடுதல் பேருந்துகளை இயக்கலாம். எத்தனை மணி நேரம் வாகனம் ஓட்டக் கூடாது என்பதைப் புட்டியிலேயே பெரிய எழுத்தில் அச்சிடலாம். மது வருவாயில் ஒரு நிலையான பங்கை மாவட்ட மருத்துவமனைகளின் போதை மீட்பு சிகிச்சைக்கு ஒதுக்கலாம்.

குடும்பங்களும் ஒன்று செய்யலாம்: குடித்தவரிடம் வாகனச் சாவியைத் தராதிருக்கலாம். அன்றைய மனத்தாங்கல் ஓரிரு நாளில் ஆறிவிடும். விபத்தில் போன உயிர் திரும்பாது.