சேம அச்சு இல்லாத வண்டிகள்

இலக்கியம் பேசக் கூடியிருக்கும் இடத்தில் மோட்டார் வாகனத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் விவாதம் எழுந்தது மரக்காணத்து உப்பளத்தில். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உப்பு வணிகரான உமணரின் வண்டி வரிசையும் அதே நூலில் வருகிறது. ஆகவே இந்தக் கரையில் நின்று வண்டியைப் பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்கும் சிறிது உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

சென்ற கோடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இறங்கி உப்பளத்துக்குள் புகுந்த ஒரு சொகுசு எஸ்யூவி, இரண்டு பாத்திகளைத் தாண்டுவதற்குள் அச்சு வரை புதைந்து நின்றதைக் கண்டேன். எந்த நிறுவனத்தின் வண்டி என்பது இங்கே முக்கியமில்லை. உப்பு ஏற்ற வந்திருந்த டிராக்டர்தான் கயிறு கட்டி அதை வெளியே இழுத்தது. இதைச் சொன்னபோது நண்பரொருவர், "அது ஓட்டியவரின் பிழை, இன்றைய சொகுசு எஸ்யூவிகள் எந்த நிலத்திலும் போகக்கூடியவை" என்றார். இந்தக் கூற்றைத்தான் மறுக்க விரும்புகிறேன்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2019-இல் மறுபிறவி எடுத்த லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 900 மில்லிமீட்டர் ஆழமுள்ள நீரைக் கடக்கும் என்பது பொய்யல்ல. மெர்சிடிஸ் ஜி கிளாஸ் 2018-இல் புதுப்பிக்கப்பட்டபோதும் ஏணிச் சட்டகத்தையும் மூன்று டிஃபரன்ஷியல் பூட்டுகளையும் கைவிடவில்லை. மண்ணுக்கேற்ற டயரும் பழகிய கையும் வாய்த்தால் பாறையிலும் சரிவிலும் இவை அரிய காரியங்களைச் செய்யும். ஆனால் சொகுசு எஸ்யூவி என்ற பெயரில் விற்பனையாகும் கூட்டத்தில் இத்தகையவை சிறுபான்மை. பெரும்பான்மை, உயர்த்திக் கட்டிய கார்கள். சிறுபான்மையின் புகழைப் பெரும்பான்மைக்கும் சேர்த்து விற்பதே இத்தொழிலின் சாமர்த்தியம்.

இனி உப்பளத்துக்கு வருவோம். மேலே வெயிலில் காய்ந்து வெளுத்த மெல்லிய ஏடு. கீழே உப்புநீர் ஊறிய களிமண். இங்கே எழும் கேள்வி எஞ்சினின் குதிரைத்திறன் பற்றியதல்ல; ஒவ்வொரு சதுர அங்குல மண்ணின் மீதும் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பதே. 1941-இன் வில்லிஸ் ஜீப்பின் எடை ஏறத்தாழ 1,100 கிலோ. இன்றைய பெரிய சொகுசு எஸ்யூவிகள் பல அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். மணலில் ஓட்டிப் பழகியவர்கள் டயரின் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை குறைத்து, டயர் அகன்று பதியும்படி செய்வார்கள். அழகுக்காக 21, 22 அங்குலச் சக்கரத்தில் மெல்லிய பட்டை போல் மாட்டிய டயரில் அப்படிக் குறைக்க இடமேது? மின்னணுக் கட்டுப்பாடு இருக்கிறதே என்பார்கள். வீணே சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து, பிடிமானமுள்ள சக்கரத்துக்கு விசையைத் திருப்புவது அதன் வேலை. நான்குக்கும் பிடிமானம் இல்லாத சேற்றில் அது யாருக்குத் திருப்பும்?

சொகுசு எஸ்யூவியின் மூதாதை என்று சொல்லத்தக்க ரேஞ்ச் ரோவர் 1970-இல் வந்தபோது, உட்புறத்தைக் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சேறு படும் என்று தெரிந்து செய்த வண்டி அது. 1972-இல் பிரிட்டிஷ் ராணுவத்தினர் அத்தகைய இரு வண்டிகளோடு பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையிலுள்ள டாரியன் காட்டைக் கடந்தனர். அது பெரும் சாதனை என்று இன்றும் பேசப்படுகிறது. ஆனால் சுமார் 400 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 100 நாள் ஆயிற்று. வழியில் டிஃபரன்ஷியல்கள் உடைந்தன. ஆட்கள் காட்டை வெட்டினார்கள், மிதவை கட்டினார்கள், கயிறு பிடித்து இழுத்தார்கள். அந்தப் புகழில் பாதியாவது மனித உழைப்புக்கு உரியது.

பிழை ஓட்டியவருடையது என்கிறார் நண்பர். இருக்கலாம். ஆனால் நிலத்தை அறியும் பொறுப்பிலிருந்து ஓட்டியவரை விடுவிப்பதாகச் சொல்லித்தானே வண்டியை விற்கிறார்கள்? மணல், சேறு, பாறை என்று படம் போட்ட திருகுகுமிழ் 2004-இல் டிஸ்கவரி 3 வண்டியில் வந்தது. பின்னர் பலரும் அவ்வழியைப் பின்பற்றினர். ஐந்திணையை ஒரு குமிழுக்குள் அடைத்துவிட்ட பிறகு, இறங்கி நின்று மண்ணைக் காலால் மிதித்துப் பார்ப்பவர் யார்?

உமணர் அப்படி நம்பவில்லை. புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை, உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். பள்ளத்தில் இறங்குமோ, மேட்டில் ஏறுமோ, அங்கே என்ன நேருமோ யார் அறிவார் என்ற எண்ணமே அந்த மாற்று அச்சுக்குக் காரணம். நிலத்தின் முன் அடக்கம் என்பது இதுதான். இன்றோ, பஞ்சர் ஒட்டும் பெட்டியும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் இருந்தால் கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என்று 2020-இல் நம் நாட்டு விதியே தளர்த்தப்பட்டது. நகரச் சாலைக்கு அது போதும். ஆனால் மாற்றுச் சக்கரத்துக்குப் பதில் பசைக் குப்பியையோ, தற்காலிகமான ஒல்லிச் சக்கரத்தையோ வைத்துக்கொண்டு 'எங்கும் செல்வேன்' என்று முழங்கும் வண்டியை என்னவென்பது?

இன்னும் அடிப்படையான ஒன்று உண்டு. 'ஆஃப் ரோடு' என்ற சொல்லே, சாலை முடிந்தால் அப்பால் யாருமற்ற வெற்றுநிலம் என்று எண்ண வைக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு நிலம் அரிது. சாலை முடியும் இடத்தில் யாரோ ஒருவரின் தொழில் தொடங்குகிறது. 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் மூழ்கிய இதே அளங்களை, நீரை வடித்து, வண்டலை வாரி, தளத்தைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி மீட்டவர்கள் இந்தத் தொழிலாளர்கள். அந்தத் தளம் உடைந்தால் உப்பில் சேறு கலக்கும்.

வண்டி வெளியே வந்ததும், ஓட்டிவந்த இளைஞர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். அளத்துப் பெரியவர் அதை வாங்கவில்லை. வண்டி போன பிறகு, உடைந்த வரப்பில் மண் அணைத்தபடியே என்னிடம் சொன்னார்: "வண்டி நல்ல வண்டிதான் சார். ஆனா இது வண்டி எறங்குற எடமில்ல, நாங்க உப்பு வார்ற எடம்."

நண்பருக்கு என் பதிலும் அதுவே.